இருபத்து நான்கு நிமிடப் பாட்டு

தம்பெரே, ஹெர்வந்தா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள துவோமோ,

நலம்தானே? இரண்டு வாரமாக உன்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. குறுஞ்செய்திகள் போன இடம் தெரியவில்லை. இரண்டு முறை வந்து அழைப்பு மணியும் அடித்தேன். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. சாவி என்னிடம் இருந்தும், நீயாகத் திறக்காமல் நுழையக் கூடாது என்று திரும்பிவிட்டேன். உன் ஜன்னல் தெரியும் நிறுத்தத்தில்தான் தினமும் நான்கு முறை ட்ராமை நிறுத்துகிறேன். திரைச்சீலை மூடியே இருக்கிறது. ஒரே ஊரில் பதினைந்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதும்படி ஆக்கிவிட்டாய்.

உனக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. ஜூலையில் அந்த ஏரிக்கரை இசைத் திருவிழாவில் நாம் கேட்டதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் கலைகிறது. பதினேழு வயதில் உன் அறைத் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டு ஹார்மாகிவி குழுவின் இரண்டாவது இசைத்தட்டைக் கேட்டோமே, அது. ஏழு, ஏழு, ஐந்து, பதினொன்று என்று தாளத்தை எண்ணுவோம். வாசிக்கத் தெரியாது நம் இருவருக்கும், எண்ணத் தெரியும். பாடகர் சண்டை போட்டுக்கொண்டு போனதால் அந்த இசைத்தட்டை அவர்கள் மேடையில் ஒருநாளும் முழுதாக வாசிக்கவில்லை. இருபத்தேழு வருடம் கழித்து வாசித்தார்கள். நாம் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். வேறென்ன வேண்டும் நமக்கு?

கடைசிப் பாட்டு, 'ஏரிக்கு அடியில்', இருபத்து நான்கு நிமிடமும் நான் அழுதுகொண்டிருந்தேன் என்றால் நீ சிரிப்பாய். அந்தப் பாட்டுக்கு மட்டும் உன்னை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கிப் போனேன். அதுதான் காரணமா? அப்படியானால் மன்னித்துக்கொள். ஒரு பாட்டுதானே.

நாம் புறப்படும்போது கடையில் கூட்டமாக இருந்ததால் உனக்கு டி-ஷர்ட் வாங்க முடியவில்லை. தபாலில் வரவழைத்து இத்துடன் அனுப்புகிறேன். காட்டில் மஞ்சள் காளான் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் ஒரு வாளி கொண்டுவருகிறேன், வெண்ணெயில் வதக்கலாம். கதவைத் திற.

என்றும் உன்,
இலாரி


தம்பெரே, கலேவா
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள இலாரி,

டி-ஷர்ட் வந்தது. பெரிதாக இருக்கிறது. நான் இளைத்துவிட்டதை நீ கவனிக்கவில்லை போலும்.

ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறேன். இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆகவே இதில் ஒரு வார்த்தையும் அவசரத்தில் வந்ததில்லை.

'ஒரு பாட்டுதானே' என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டின்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சக்கர நாற்காலிகளுக்கென்று அந்தப் புல்வெளியில் ஒரு மரப் பரண் போட்டிருந்தார்கள். உனக்கு நினைவிருக்கும். ஆறு நாற்காலிகள். உன் மணிக்கட்டில் 'துணையாள்' என்று அச்சடித்த மஞ்சள் கைப்பட்டையைக் கட்டிய பெண் உன்னிடம் சொன்னாள்: "அவரை விட்டு எங்கயும் போகாதீங்க. இந்தச் சரிவுல இறக்க ஒரு ஆள் கண்டிப்பா வேணும்."

"இவனை விட்டு நான் எங்கம்மா போறது? இருபத்தேழு வருஷமா ஒட்டிக்கிட்டுதானே கிடக்கேன்" என்றாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெயில் முகத்தில் அடித்தது. நீ உன் ஜீன்ஸ் மேல்சட்டையைக் கழற்றி என் நாற்காலி முதுகில் மாட்டினாய். கடைசிப் பாட்டுக்கு முன், "ஒரு நிமிஷம்டா, கீழ போயிட்டு வந்துடறேன்" என்றாய். ஒரு நிமிடம் என்றாய்.

ஐந்தாவது நிமிடத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. வந்தால் எனக்குப் பத்து நிமிட அவகாசம்தான் உண்டு. இது வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். நோய் வந்த எட்டு வருடத்தில் எத்தனை கழிப்பறைகளுக்கு நீ என்னைத் தள்ளிப் போயிருக்கிறாய்.

போனை எடுத்து உன்னை அழைத்தேன். என் முதுகில் அதிர்ந்தது. உன் போன் அந்தச் சட்டைப் பையில் இருந்தது, இலாரி. அது புரிந்த பிறகும் அழைத்தேன். ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் என் முதுகுதான் அதிர்ந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி ஒற்றை கிதார் மட்டும் வருமே, அந்த இடம் வந்தது. கத்தியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். ஆறாயிரம் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். அந்த நேரத்தில் உன் பெயரைச் சொல்லிக் கத்த எனக்கு வாய் வரவில்லை. வலது கையைத் தூக்கினேன். தாங்கும்வரை தூக்கி வைத்திருந்தேன்.

பக்கத்தில் தன் மகளோடு வந்திருந்த ஒரு மனிதர் குனிந்து, "உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. என் ஆளு இப்ப வந்துடுவான்" என்றேன்.

நீ வரவில்லை. அதன்பின் நடந்ததை எழுத வேண்டியதில்லை. பட்டப்பகல் வெளிச்சம், சாம்பல் நிறக் கால்சட்டை. அந்த மனிதர் தன் மழைக்கோட்டை எடுத்து என் மடியில் போர்த்தினார். பாட்டு இன்னும் ஒன்பது நிமிடம் ஓடியது. நான் ஒரு தாளமும் எண்ணவில்லை.

நீ வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தாய். "கேட்டியாடா? அந்தப் பதினொண்ணுல இருந்து ஏழுக்கு வந்தான் பாரு, கேட்டியா?" நான் "போலாம்" என்றேன். என் மடியில் யாரோ ஒருவருடைய கோட்டு ஏன் கிடக்கிறது என்று நீ கேட்கவில்லை.

காரில் ஜன்னலைத் திறந்தாய். "காத்து நல்லா இருக்குல்ல" என்றாய். ஆக, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் படுக்கவைக்கவில்லை. நாற்காலியோடு கூடத்தில் விட்டு, "காலைல சீக்கிரம் டூட்டிடா" என்று போய்விட்டாய். இரவு முறைக்கு வந்த செவிலியர்தான் என்னைக் கழுவிவிட்டார்.

காளான் வேண்டாம்.

துவோமோ


ஹெர்வந்தா
15 செப்டம்பர் 2024

அன்புள்ள துவோமோ,

உன் கடிதத்தை ட்ராம் கிடங்கின் ஓய்வறையில் படித்தேன். படித்த பிறகு அடுத்த முறையை வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

மன்னித்துவிடு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்தால் இதை நம்ப மாட்டாய்.

காரில் எனக்குத் தெரியும். உண்மை. கேட்டால் எப்போது ஆயிற்று என்று கேட்க வேண்டும். அப்புறம் நான் எங்கே இருந்தேன் என்ற பேச்சு வரும். வழியில் இரண்டு பெட்ரோல் நிலையங்கள் வந்தன. இரண்டிலும் வேகத்தைக் குறைத்தேன். உனக்கும் தெரிந்திருக்கும். குறைத்துவிட்டு மறுபடி மிதித்தேன்.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். பக்கத்து மனிதர் உதவிக்கு வந்தபோது ஏன் வேண்டாம் என்றாய்? அவர் கூட்டிப்போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் செய்தால் உனக்குக் கௌரவக் குறைவு, நான் செய்தால் அது என் வேலை. அப்படித்தானே?

எட்டு வருடத்தில் பதினான்கு கச்சேரிகளுக்கு உன்னோடு வந்திருக்கிறேன். ஒன்றிலும் நான் மேடையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் போட்டிருக்கிறதா, வெயில் படுகிறதா, கால் மரத்துவிட்டதா. எனக்குப் பிடித்த பாட்டு வரும்போதெல்லாம் உனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும். நான் குறையே சொன்னதில்லை. நீயும் ஒரு முறையாவது, "நீ போய் முன்னால நின்னு கேளுடா" என்று சொன்னதில்லை. ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு அந்த மஞ்சள் பட்டையைக் கட்டினார்களே, அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உன் டிக்கெட்டில் உன் பெயர் இருந்தது. என்னுடையதில் பெயரே இல்லை. 'துணையாள்' என்று மட்டும் இருந்தது. கீழே இறங்கிப் போகும்போது அந்தப் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தேன். முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என்னால் சொல்லவே முடியவில்லை துவோமோ, எனக்கு மறுபடி பதினேழு வயது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் அந்த நான்கு கடிதங்களையும் எழுதினேன்.

அந்த ஒற்றை கிதார் வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். பரணில் உன் கை மேலே இருந்தது. கூட்டத்தில் அங்கங்கே பலபேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவனும் பாட்டுக்குத்தான் தூக்குகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கை அவ்வளவு உயரம் வர என்ன பாடு படவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். திட்டு. ஆனால் பேசு.

உன்,
இலாரி


கலேவா
20 அக்டோபர் 2024

இலாரிக்கு,

கையைப் பற்றி எழுதாமலே இருந்திருக்கலாம். போன் சட்டையில் இருந்தது, பாட்டு சத்தமாக இருந்தது, உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நான் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கதவைத் திறந்திருப்பேன். நீ சொல்லி உன் பாரத்தை இறக்கிக்கொண்டாய். அதை நான் எங்கே இறக்குவது?

'முன்னால் போய் நின்று கேள்' என்று நான் சொன்னதில்லை என்கிறாய். உண்மைதான். பல முறை நாக்கு நுனிவரை வந்தது. பயமாக இருந்தது. ஒரு தடவை போனால் உனக்கு அந்த ருசி தெரிந்துவிடும், அடுத்த தடவை திரும்பி வர நேரமாகும், அதற்கடுத்த தடவை வரவே மாட்டாய் என்று பயந்தேன். கேவலமான பயம்தான். ஆனால் தப்பாகப் போகவில்லை பார்.

அதே சமயம் நீயும் கேட்டிருக்கலாம். "டேய், இந்த ஒரு பாட்டை நான் முன்னால நின்னு கேக்கணும், பக்கத்து ஆளை உன்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தால், "போய்த் தொலை" என்று திட்டி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு மட்டும் கட்டாயம் அனுப்பியிருப்பேன். நீ கேட்கவில்லை. ஒரு நிமிடம் என்று பொய் சொன்னாய்.

பக்கத்து மனிதரைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. கௌரவம் இல்லை. அவரோடு போனால் நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதனால்தான் வேண்டாம் என்றேன். வருவாய் என்றே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாதத்திலிருந்து நகராட்சி எனக்கு ஒரு உதவியாளரைக் கொடுத்திருக்கிறது. பெயர் ரித்வா. ஐம்பத்தெட்டு வயது. வாரத்தில் முப்பது மணி நேரம் வருகிறார். முதல் நாள் நான் பாட்டு போட்டதும் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "துணி துவைக்கிற மெஷின்ல ஏதோ கழண்டுடுச்சு போலிருக்கே" என்றார். டான்ஸ் பாட்டும் வானிலை அறிக்கையும்தான் கேட்பாராம். ஆனால் ஐந்து நிமிடம் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் வந்து நிற்கிறார்.

நவம்பர் 29 அன்று ஹார்மாகிவி நம் ஊரில் வாசிக்கிறார்கள், அதே இசைத்தட்டு. ரித்வா என்னோடு வருகிறார்.

நீ வரவேண்டாம்.

துவோமோ


ஹெர்வந்தா
1 டிசம்பர் 2024

அன்புள்ள துவோமோ,

வரவேண்டாம் என்றாய். வந்தேன். உன் பக்கம் வருவதாக இல்லை; கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுவிட்டுப் போவதாகத்தான் நினைத்தேன். என் பெயர் போட்ட டிக்கெட். கையில் பட்டை இல்லை. நினைத்தால் முன்வரிசைக்கே போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

போக முடியவில்லை. நாற்காலிகளுக்கான பரண் எங்கே என்றுதான் கண் தேடியது. இடப்பக்கச் சுவரோரம் இருந்தது. நீ அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாய். நன்றாக இளைத்துத்தான் இருக்கிறாய். பரணுக்குக் கீழே போய் நின்றேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது தூக்குவாய் என்று.

இடைவேளையில் உன் பக்கத்திலிருந்த அந்த அம்மாள் இறங்கிவந்தார்.

"நீங்க துவோமோவுக்கு வேண்டியவரா? ரொம்ப நேரமா அவரையே பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆமாம் என்றிருந்தால் அவர் உன்னிடம் வந்து சொல்வார், நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவருக்கு மேடை மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன். கடைசிப் பாட்டு தொடங்குமுன், வாசலில் ஒப்படைத்திருந்த என் கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டை இனி நான் கேட்பதாக இல்லை.

துவோமோ, நாற்பத்து நான்கு வயதில் புதிதாக ஒரு நண்பனை எனக்கு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. என்னோடு சேர்ந்து பதினொன்றுவரை எண்ண இந்த ஊரில் உன்னை விட்டால் ஆளில்லை. கச்சேரிக்குக் கூப்பிட வேண்டாம். ஒரு காபி. வரும் ஞாயிறு மூன்று மணிக்கு வந்து மணி அடிப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை. திறந்தால் போதும்.

உன்,
இலாரி


கலேவா
5 டிசம்பர் 2024

இலாரி,

ஞாயிற்றுக்கிழமைக்குமுன் உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

'இல்லீங்க' என்று சொன்னதற்காக நீ வருந்த வேண்டாம். உன்னை முதல் பாட்டிலேயே பார்த்துவிட்டேன். ரித்வா என்னைத்தான் முதலில் கேட்டார்: "கீழ நிக்கிறவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" தெரியாது என்றேன். "மறைக்கிறாரே" என்றார். "தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றேன். அதற்காகத்தான் அவர் கீழே வந்தார். நீ சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

பாட்டை முழுதாகக் கேட்டேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் ட்ரம்ஸ்காரர் ஓர் அடியைத் தவறவிட்டார். எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். ரித்வா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். நான் திரும்பியதைப் பார்த்து, "போகணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

உனக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் இல்லை. ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் இனி நான் தாளத்தை எண்ண மாட்டேன், நிமிடத்தைத்தான் எண்ணுவேன். நீ கழிப்பறைக்கு எழுந்து போனாலும் எண்ணுவேன். உன்னாலும் என் கையை விட்டு வேறெதையும் பார்க்க முடியாது. போன வாரமும் அதைத்தான் செய்துகொண்டு நின்றாய். அப்படி இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டாம்.

ஞாயிறு வராதே. மணி அடித்தால் ரித்வா வந்து ஆள் இல்லை என்று சொல்வார். அவரைப் பொய் சொல்ல வைக்காதே.

உன்னிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பித் தர நீ வரவேண்டியதில்லை, தபாலிலும் அனுப்ப வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமையே பூட்டை மாற்றியாயிற்று.

துவோமோ